இரவுச் சாப்பாடும் உம்மாவின் எடையும்

"ராவைக்கு சாப்பாட்ட நிப்பாட்டினா மெலியலாம்னு மாமி சொன்னா. மெய்யா மகள்?"

கடந்த விடுமுறைக்கு விடுதியிலிருந்து நானுஓயாவுக்குப் போன முதல் நாள் இரவே உம்மா என்னிடம் இதைக் கேட்டார். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது உம்மாவின் நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. "பாத்துச் சொல்றேன் உம்மா" என்று மட்டும் சொன்னேன். அப்படிப் பார்த்ததில் நான் விளங்கிக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எழுந்த இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உம்மா இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னர் கிளினிக்கில் வெறுவயிற்றில் இரத்தம் பரிசோதித்தபோது சீனி 112 என்று வந்திருந்தது. 100க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 126ஐத் தொட்டால் நீரிழிவு. உம்மா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. நிறையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி 29.4 வருகிறது. 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாகப் பரிந்துரைத்தது. உம்மா இரண்டாவது எல்லையையும் தாண்டிவிட்டார். "எடையைக் குறைத்தால் சீனி வராமல் தடுக்கலாம்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எப்படிக் குறைப்பது என்பதை மாமி சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நான் போகும்போது உம்மா இராச்சாப்பாட்டை விட்டு மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. ஓர் இரவு குசினியில் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று தம்பி சொன்னான்.

கொப்பியில் எழுதிய ஒரு வாரம்

வாப்பாவுக்கு நானுஓயா நகரில் ஒரு சில்லறைக் கடை. ஒன்பது மணிக்குத்தான் பூட்டுவார். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, தொழுது, சாப்பிட உட்கார ஒன்பதரை மணியாகிவிடும். தம்பிமார் இருவரும் அதற்குள் தனித்தனியாகச் சாப்பிட்டிருப்பார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கோப்பைகளைக் கழுவிவிட்டுக் கடைசியில்தான் உம்மா சாப்பிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் பத்தரை மணிக்கு முன்னர் சாப்பிட்டு நான் கண்டதில்லை. சில நாட்களில் பதினொரு மணியும் ஆகும்.

இப்போது அந்தச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். விட்டுவிட்டாரா என்று பார்க்க ஒரு கொப்பியை எடுத்து, ஒரு வாரம் உம்மாவின் வாய்க்குள் போன அனைத்தையும் எழுதினேன். உம்மா முதலில் சிரித்தார். மூன்றாம் நாள் அவரே, "இத எழுதல்லையே" என்று ஞாபகப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

எட்டு மணிக்குச் சின்னத் தம்பி மிச்சம் வைத்த சோறு, "வீசுறது ஹராம்" என்று ஒரு பிடி. அதோடு ஒட்டியிருந்த தேங்காய்ப்பால் கறி. பத்தரை மணிக்குப் பசியோடு குளிரும் சேர்ந்துகொள்ள ஒரு பிளேன்டி. எங்கள் ஊர்க் குளிர் தெரிந்தவர்களுக்கு அந்தப் பிளேன்டியின் அருமை தெரியும். அதற்குத் தொட்டுக்கொள்ள இரண்டு கிரீம் கிரேக்கர். நித்திரை வராததால் பதினொன்றரைக்கு இன்னொரு பிளேன்டி, இன்னும் இரண்டு கிரேக்கர்.

கணக்குப் போட்டேன். பிசுக்கோத்து ஒன்றுக்கு 35 கிலோகலோரி வீதம் நான்குக்கு 140. ஒரு கோப்பை தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 20 என்றால் இரண்டு கோப்பைக்கு 80. மிச்சச் சோறும் கறியும் 150 அளவில். மொத்தம் 370. உம்மா விட்டுவிட்ட சாப்பாடு ஒன்றரைக் கோப்பைச் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும். அது 450 அளவில் வரும். அவ்வளவு பசியையும் தலைசுற்றலையும் தாங்கி உம்மா மிச்சப்படுத்தியது வெறும் 80 கிலோகலோரி! ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோகலோரி இருக்கிறது என்று சொல்வார்கள். 7700ஐ 80ஆல் வகுத்தால் 96 நாட்கள். மறுநாள் காலையில் பசியோடு கூடுதலாகச் சாப்பிட்ட அரைத்துண்டுப் பாணைச் சேர்த்தால் அந்த 80உம் இல்லை.

உம்மா "சாப்பிடவில்லை" என்று சொன்னது பொய்யல்ல. கோப்பையில் போட்டு, உட்கார்ந்து உண்பதைத்தான் நாம் சாப்பாடு என்கிறோம். நின்றுகொண்டு வாயில் போடுவது கணக்கில் வருவதில்லை. ஆனால் உடம்பு அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

உறங்கும்போது உடல் வேலை செய்யாதா?

"ராவைக்குத் திண்டா செமிக்காது, அப்படியே கொழுப்பாப் போயிரும்" என்பது மாமியின் வாதம். இதில் பாதி உண்மைகூட இல்லை.

நாம் உறங்கினாலும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் சுருங்கி விரிகிறது, மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்கின்றன. வளர்ந்த ஒருவர் ஓய்வில் இருக்கும்போது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. உறக்கத்தில் அது சற்றுக் குறைகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. உம்மாவின் நிறைக்கு ஏழு மணிநேர உறக்கத்தில் 400 அளவில் செலவாகும். அதாவது அவரது இராச்சாப்பாடு முழுவதற்கும் கிட்டத்தட்ட இரவிலேயே செலவு இருக்கிறது.

நாம் உண்ட சோறு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. சதையி சுரக்கும் இன்சுலின் அதைக் கலங்களுக்குள் அனுப்புகிறது. மிஞ்சியது ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதற்கும் மிஞ்சினால்தான் கொழுப்பு. இரவு முழுவதும் உணவில்லாதபோது ஈரல் தன் கிளைக்கோஜனை உடைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. கொழுப்பும் எரிகிறது. இப்படி 24 மணிநேரமும் போடுவதும் எடுப்பதும் நடந்துகொண்டே இருக்கும் ஒரு வங்கிக் கணக்குப் போன்றது உடல். இரவில் போட்ட காசு மட்டும் திரும்பி வராது என்பதில்லை. நாள் முடிவில், வாரம் முடிவில் வரவு கூடியதா செலவு கூடியதா என்பதே முக்கியம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

அப்படியானால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாலும் ஒன்றுதானா? அப்படியும் முடித்துவிட முடியாது என்பதுதான் நான் வாசித்ததில் என்னை வியக்க வைத்தது.

எமது உடலுக்குள் ஏறத்தாழ 24 மணிநேரத்தில் சுற்றும் ஓர் உயிரியல் கடிகாரம் உண்டு. அது கலங்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இருட்டியதும் மூளையில் மெலற்றோனின் என்ற ஓமோன் கூடுகிறது. அது உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்துகிறது. அந்த நேரத்தில் இன்சுலின் காலையில் போல் சுறுசுறுப்பாக வேலை செய்வதில்லை. எனவே அதே அளவு சோறு காலையைவிட இரவில் இரத்தச் சீனியைக் கூடுதலாக உயர்த்துகிறது. உம்மாவைப் போன்று எல்லையில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் இது. எடைக்கு மட்டுமன்றிச் சீனிக்காகவும் நேரம் முக்கியமாகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஸ்பெயின் நாட்டில் எடை குறைப்புச் சிகிச்சை பெற்ற 420 பேரை 20 வாரங்கள் அவதானித்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அந்நாட்டில் பகல் சாப்பாடே பெரியது. அதைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் உண்டவர்கள், அதற்கு முன்னர் உண்டவர்களைவிடக் குறைவாகவே மெலிந்தார்கள். எனினும் இது அவதானிப்பு மாத்திரமே. நேரம் பிந்திச் சாப்பிடுவோரின் வாழ்க்கையில் வேறு வேறுபாடுகளும் இருக்கலாம்.

2022இல் இரண்டு பரிசோதனைகள் வெளியாகின. முதலாவது அமெரிக்காவில், பொஸ்ரன் நகர வைத்தியசாலை ஒன்றில், எடை கூடிய 16 பேரிடம் நடந்தது. ஒரே உணவு, ஒரே அளவு. ஆனால் ஒரு தடவை நேரத்தோடும் மறு தடவை நான்கு மணிநேரம் பிந்தியும் கொடுத்தார்கள். பிந்தி உண்டபோது பசி கூடியது. "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்ரின் குறைந்தது. விழித்திருக்கும் நேரத்தில் உடல் செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது.

இரண்டாவது ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் 30 பேரிடம் நடந்தது. நான்கு வாரங்கள் காலையில் பெரிய சாப்பாடு, வேறு நான்கு வாரங்கள் இரவில் பெரிய சாப்பாடு. நாள் முழுவதற்குமான மொத்த அளவு ஒன்றே. முடிவில் இரண்டு முறையிலும் குறைந்த எடை கிட்டத்தட்டச் சமம், மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் காலையில் கூடுதலாக உண்டபோது பசி குறைவாக இருந்தது.

முதலில் வாசித்தபோது இவை ஒன்றையொன்று மறுப்பதாக நினைத்தேன். திரும்ப வாசித்தபோது அப்படித் தோன்றவில்லை. அபர்டீனில் அளந்து கொடுத்ததை மட்டுமே உண்டார்கள். பசித்தாலும் கூடுதலாக எடுக்க வழியில்லை. ஆகவே நேரம் எடையை மாற்றவில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் அளப்பவர் யாருமில்லை. பிசுக்கோத்து டின் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிந்தி உண்பதால் கூடும் பசி அங்கே நேராக டின்னுக்குள் கைவிட வைக்கும். ஆக, கடிகாரம் தானாக எடையைக் கூட்டுவது சிறிதளவே. பசியின் வழியாகவும் உறக்கக் குறைவின் வழியாகவும் அது செய்வதே பெரிது.

றமழானைப் பாருங்கள்

எமக்கு இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. வருடத்தில் ஒரு மாதம் நாம் உண்பதெல்லாம் மஃரிபுக்கும் ஸுப்ஹுக்கும் இடையில்தான். இரவில் உண்பதே எடையைக் கூட்டும் என்றால் றமழான் முடிய நாம் எல்லோரும் பருத்திருக்க வேண்டும். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, நோன்பு மாதத்தில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எடை குறைகிறது. சில வாரங்களில் அது திரும்பி வந்துவிடுகிறது.

ஆனால் இது சராசரி. நோன்புக் கஞ்சியோடும் ஈத்தம்பழத்தோடும் நிற்பவர்களும் உண்டு. சமூசா, ரோல்ஸ், கட்லட், பலூடா என்று நீள்பவர்களும் உண்டு. நோன்பில் பருத்தோம் என்று சொல்பவர்களிடம் மணியைக் கேட்பதைவிட மேசையில் என்ன இருந்தது என்று கேட்பதே பொருத்தம். வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்றாகப் பங்கிடச் சொல்லும் நபிமொழியை மத்ரஸாவில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அதுவும் அளவையே பேசுகிறது.

எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது

எங்கள் வீட்டுக்குக் கீழே லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு மலைக்குப் போனால், கூடையோடு நாள் முழுவதும் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பார். அவரும் வயிறாரச் சோறு உண்பது இரவில்தான். அவர் மெலிந்தே இருக்கிறார். இராச்சாப்பாட்டை விடும்படி அவருக்குச் சொல்வது அநியாயம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, பெருந்தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அந்த அளவு 17.3 சதவீதம். மறுபுறம் 2018, 2019 காலப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வொன்று, வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. ஒரே மலையில், ஒரு படிக்கட்டுக்கு மேலும் கீழும், இரண்டு துன்பங்களும் அயலாராக இருக்கின்றன.

அடுத்தது நாம், மாணவிகள். விடுதியில் சில தோழிகள் மெலிவதற்காக இராச்சாப்பாட்டுக்கு வருவதில்லை. பிறகு படிக்க விழித்திருந்து நள்ளிரவில் பிசுக்கோத்துப் பைக்கற்றை முடித்துவிடுவார்கள். வளரும் வயதில் எலும்புக்குக் கல்சியமும் இரத்தத்துக்கு இரும்பும் புரதமும் தேவை. அவை கீரையிலும் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கின்றன. பிசுக்கோத்தில் அவற்றைத் தேடுவது வீண்.

மூன்றாவது, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள். இன்சுலின் ஊசி போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் சில குளிசைகள் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டை விட்டால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், மயக்கம் என்பன அதன் அடையாளங்கள்.

எங்கள் வீட்டில் செய்தது

கொப்பியை உம்மாவிடம் காட்டினேன். வாப்பாவும் பார்த்தார். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வரும் வரைக்கும் நீ ஏன் பசியோட இருக்கிற?" என்று உம்மாவிடம் கேட்டார். இருபது வருடங்களில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று உம்மா பிறகு என்னிடம் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செய்த மாற்றங்கள் சிறியவை. மஃரிபு தொழுததும் ஏழு மணியளவில் உம்மாவும் தம்பிமாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாப்பாவின் பங்கு மூடி வைக்கப்படுகிறது. அவரே சூடாக்கி, தன் கோப்பையைத் தானே கழுவுகிறார். உம்மாவின் கோப்பையில் சோறு ஒன்றரையிலிருந்து ஒன்றாகக் குறைந்து, கீரையும் போஞ்சியும் கரட்டும் கூடியிருக்கின்றன. நுவரெலியா மரக்கறி எங்களுக்கு அயலில்தானே. தம்பிக்குக் குறைவாகப் போட்டு, கேட்டால் மீண்டும் போடுவதால் மிச்சம் வருவதில்லை. பிளேன்டிக்குச் சீனி ஒரு கரண்டி. பத்து மணிக்கெல்லாம் உம்மா படுத்துவிடுகிறார். சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் இடையில் மூன்று மணிநேரம் இருப்பதால் முன்பிருந்த நெஞ்செரிவும் குறைந்திருக்கிறது.

மூன்று மாதங்களில் உம்மா 68இலிருந்து 65க்கு வந்திருக்கிறார். வெறுவயிற்றுச் சீனி 104. எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நேரம், அளவு, உறக்கம், சீனி அனைத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டோம். ஒழுங்கான பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆசிரியை சொல்வார். உம்மாவை வைத்து அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை.

மாமியின் கேள்விக்கு என் விடை இதுதான்: இராச்சாப்பாட்டை விட வேண்டாம். நேரத்தோடு, அளவோடு, உட்கார்ந்து உண்ணுங்கள். அதன் பிறகு குசினியின் விளக்கை அணைத்துவிடுங்கள்.

பெற்றோர்களிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பெண் குறைவாக உண்பதும் கடைசியாக உண்பதும் அழகு என்று எமது சமூகத்தில் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். கடைசியாக உண்பவர் இரவு பத்தரைக்கு, களைப்போடும் பசியோடும், மிஞ்சியதை உண்கிறார். அவரிடம் போய் "ஏழு மணிக்குப் பிறகு சாப்பிடாதே" என்று சொல்வதற்கு முன்னர், ஏழு மணிக்கு அவர் உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் உம்மாவின் கோப்பையை முதலில் வையுங்கள்.